முகத்துவாரம் வெட்டிய சேர்மன்

கோணாமலைப் போடியாரும் போய்விட்டார், உசனாரும் போய்விட்டார். இனி எனக்கு ஆரைக் கண்டு பயம்? அதனால்தான் எழுதத் துணிவு வந்திருக்கிறது. அதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது.

போடியாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் நாற்பது சொல்வேன். நிறைய வயலுள்ள பெரிய போடி அவர்; பன்னிரண்டு வருடம் எங்கள் கிராமச் சபைக்குச் சேர்மனாக இருந்தார். அவ்வளவு காலமும் நான் அவருடைய கிளாக்கர். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஆறு கிணறு கட்டினார். காய்ச்சல் பரவிய வருடம் மருந்தை மடியில் கட்டிக்கொண்டு, தோணியேறிப் போய் வீடு வீடாகக் கொடுத்தார். செத்தவீட்டில் இதையெல்லாம் சொல்லி அழுதார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் செய்த பிழையைச் சொல்வதானால் முதலில் முகத்துவாரத்தைச் சொல்லவேண்டும். மாரியில் வாவி நிரம்பும்போது கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு மணல்மேடு அடைத்துக்கொண்டு நிற்கும். அதை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடும், படுவான்கரை வயல்கள் பிழைக்கும். ஆனால் முந்தி வெட்டினால் வளராத இறாலெல்லாம் கடலோடு போய்விடும், மீன்பிடிகாரர் பட்டினி கிடப்பார்கள். ஆகவே எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருந்தது. வயற்காரருக்குத் தலைவர் வட்டை விதானை, மீன்பிடிகாரருக்குத் தண்டையல். இருவரும் சேர்ந்து போய்த் தண்ணீர் மட்டம் பார்ப்பார்கள். இருவருக்கும் சம்மதமென்றால் அரசாங்கக் கச்சேரி உத்தரவு கொடுக்கும், இரண்டு கரையிலும் பறை அடிப்பார்கள். வலைகளைத் தூக்கிக்கொள்ள ஒரு நாள் தவணை. அதற்குப் பிறகுதான் மண்ணில் மண்வெட்டி படும். அந்தக் காலத்தில் தண்டையலாக இருந்தவர் உசனார்.

முப்பத்தெட்டாம் ஆண்டு மார்கழி. திங்கட்கிழமை சபைத் தேர்தல். அதற்கு முந்திய புதன்கிழமை படுவான்கரை வயற்காரர் முப்பது பேர் போடியார் வீட்டுக்கு வந்தார்கள்.

"பயிர் தண்ணியில தாண்டு போச்சு போடியார். முகத்துவாரம் வெட்டாட்டி எங்கட வோட்டையும் எதிர்பாக்க வேணாம்."

அன்று பின்னேரமே போடியார் உசனார் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். உசனார் எங்களுக்குப் பாய் விரித்து, தேத்தண்ணி தந்து, மரியாதையாகத்தான் சொன்னார்.

"இன்னும் ஒரு முழம் ஏறட்டும் போடியார். எட்டு நாள் பொறுங்க. இறால் இப்பதான் விரலளவு. இப்ப வெட்டினா நாப்பது வீட்டு அடுப்பு எரியாது. நான் சம்மதிக்க ஏலா."

தோணித்துறைக்குத் திரும்பி நடக்கும் வழியில் போடியார், "எட்டு நாள் எனக்கெங்க கிடக்கு?" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் நடந்து, "வெள்ளிக்கிழமை பகல் அவங்க எல்லாரும் ஜும்மாவுக்குப் போயிடுவாங்க" என்றார்.

"எத்தினை ஆள் வேணும்?" என்று கேட்டேன். கேட்கச் சொல்லி என்னை ஒருவரும் நெருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பகல், அவருடைய வயலில் வேலை செய்த இருபது பேர் வெட்டினார்கள். பறையுமில்லை, உத்தரவுமில்லை. தொழுகை முடிந்து சனம் வெளியே வரும்போது வாவி இரைந்துகொண்டு கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. வலை, கம்பு, இறால் எல்லாம் அதோடு போயின. எங்கள் ஆட்கள் ஓடிவிட்டார்கள். மற்றவர்கள் வலையைத் தேடி ஓட, உசனார் மட்டும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு ஓடிவந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். வெட்டிய வாயை மூடலாமென்று மண்ணை அள்ளி அள்ளிப் போட்டார். அந்நேரம் பார்த்து அந்த வழியால் வந்த பொலிஸ்காரர் கண்டது, முகத்துவாரத்தில் மண்வெட்டியோடு நின்ற ஒரே ஒரு மனிதனை.

திங்கட்கிழமை போடியார் நாற்பத்தொரு வோட்டால் வென்றார்.

செவ்வாய்க்கிழமை கச்சேரியிலிருந்து கடிதம் வந்தது. உத்தரவில்லாமல் வெட்டியவன் யாரென்று சபை அறிக்கை தரவேண்டும். போடியார் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார்.

"பொலிஸ் கண்டது ஆரை?"

"உசனாரை."

"அப்ப கண்டதை எழுது. பொய் எழுதச் சொல்லேல்ல."

கண்டதை எழுதினேன். அதோடு விட்டேனா, பாவி? அறிக்கை வலுவாக இருக்கட்டுமென்று என் சொந்த மூளையால் ஒரு வரி சேர்த்தேன்: 'தண்டையல் தமது சம்மதத்தைச் சேர்மனிடம் தெரிவித்தபின், உத்தரவுக்குக் காத்திராமல் தாமே வெட்டினார்.' போடியார் வாசித்து, என்னை ஒருதரம் பார்த்து, கையெழுத்து வைத்தார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். உசனாருக்கு மூன்று மாதச் சிறை மறியல். 'நான் மண்ணைப் போட்டு மூடினேன்' என்று அவர் கோட்டில் நீதவானிடம் சொன்னதைக் கேட்டு அங்கிருந்தவர்கள் சிரித்தார்களாம். அதைவிடப் பெரிய தண்டனையை அவருடைய சொந்தச் சனம் கொடுத்தது. போடியார் புதன்கிழமை அவர் வீட்டுக்கு வந்துபோனதை எல்லாரும் கண்டிருந்தார்கள். கோட்டில் வாசித்த என் வரியும் சேர, 'உசனார் எங்களை விற்றுப்போட்டான்' என்று முடிவு கட்டிவிட்டார்கள். வெட்டும் நேரம் அவர் தொழுகையில் நின்றதைச் சாட்சி சொல்லக்கூட ஒருவரும் முன்வரவில்லை. தண்டையல் பதவி போயிற்று. ஒரு தோணியிலும் அவரை ஏற்றவில்லை. மகள் நஸீறாவுக்குப் பேசி வைத்திருந்த கலியாணமும் நின்றது.

மறியல் முடிந்து வந்து அவர் ஒருதரம் சபைக் கந்தோருக்கு வந்தார்.

"எனக்கு உங்கட உதவி ஒண்டும் வேணாம் போடியார். பள்ளிவாசல்ல வந்து, உசனார் சம்மதிக்கயும் இல்ல, வெட்டவும் இல்ல எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கொள்ளுறன்."

போடியாரின் கண் கலங்கியதை நான் கண்டேன். "சொல்லுறன் உசனார். இப்ப சொன்னா பதவி போயிடும். அடுத்த எலக்சன் முடியட்டும்" என்றார். அந்தத் தேர்தலும் முடிந்தது, அதற்கடுத்ததும் வந்தது. நஸீறாவை ஓட்டமாவடிப் பக்கம் மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். உசனார் ஏறாவூர்ச் சந்தையில் மற்றவர்களுடைய மீன்கூடையைச் சுமந்தார்.

நாற்பத்தைந்தில் போடியார் தோற்றார். படுதோல்வி. அடுத்த வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "நல்லரத்தினம், இனி இழக்க என்னட்ட ஒண்டுமில்ல. வா" என்றார்.

ஜும்மா முடிந்து சனம் வெளியே வரும்போது பள்ளிவாசல் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஆள் அனுப்பியதையும், உசனார் மறுத்ததையும், தான் கையெழுத்து வைத்ததையும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு சாலிஹ் என்ற மீன் வியாபாரி சிரித்தார்.

"அடுத்தது கொழும்புச் சபைக்குக் கேக்கப் போறீங்களாக்கும் போடியார். எங்கட வோட்டு வேணுமெண்டா நேர கேளுங்க. இந்தக் கதை என்னத்துக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். போடியார் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். "உங்கட சத்தியத்தை எத்தினை மேடையில கேட்டிருக்கம்" என்றது ஒரு குரல். பாவம், அந்த மனிதர் வாழ்நாளில் பேசிய ஒரே நேர்மையான பேச்சு அது. அதற்குத்தான் ஒரு வோட்டும் விழவில்லை.

அப்போது பள்ளிவாசல் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"கிளாக்கர், அண்டைக்கு நீங்களும் அந்த வீட்டில இருந்தீங்க. எழுதினதும் நீங்க. நீங்க எலக்சன் கேக்கிற ஆளில்ல. நீங்க சொல்லுங்க, உசனார் சம்மதிச்சாரா?"

மதிலோரம் இருந்த உசனார் எழும்பி நின்று என்னைப் பார்த்தார். அந்த வரி என்னுடையது என்றால் பொய் அறிக்கை எழுதியவன் நான். புதுச் சேர்மன் என்னைத் துரத்த ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்த நேரம். உண்மை வாய் வரைக்கும் வந்தது.

"எனக்குச் சொன்னதைத்தான் நான் எழுதினன்" என்றேன்.

கழுவுற மீனில் நழுவுற மீன் நான். சனம் கலைந்து போய்விட்டது. போடியார் வெயிலிலேயே நின்றார். உசனார்தான் வந்து அவருடைய கையைப் பிடித்தார்.

"வாங்க போடியார், வெயில் ஏறிட்டு" என்று மெல்ல நடத்திக்கொண்டுபோய்த் தோணியில் இருத்தினார். நான் ஏறும்போது கேட்டார், கோபமில்லாமல், சுகம் விசாரிப்பது போல:

"புதுச் சேர்மனும் உங்களத்தான் வெச்சிருக்காரா, கிளாக்கர்?"

"ஓம்" என்றேன்.

தோணியைத் தள்ளிவிட்டுத் திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு நான் அந்தக் கிளாக்கர் கதிரையில் நாலு வருடம் இருந்தேன்.