சாமந்திக்கு பயந்த மேஸ்திரி

ரயில்வேல புல்லு புடுங்கற கேங்குக்கு மேஸ்திரின்னா ரயிலுக்குத்தான் பயப்படுவான்னு நெனைப்பீங்க. நான் பயந்தது முழங்கால் ஒசரச் செடிக்கு. மூச்சு இழுப்பு கீற ஜனங்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன்.

பேரு தெரியாத செடி

எழுபத்தி மூணு வாக்குல, பேசின் பிரிட்ஜ் யார்டுல, கப்பல் கோதுமை ஏத்தின வேகனுங்க நிக்கற எடத்துல ஒரு செடி மொளைச்சுது. பொடிப்பொடியா வெள்ளைப் பூ. 'கோதுமைச் செடி'ன்னு நாங்களே பேரு வெச்சோம். அறுத்தா மறுபடி தழைக்கும்னு வெறுங்கையால வேரோட புடுங்கறது எங்க வழக்கம்.

ரெண்டு மழைக்காலம் ஒண்ணும் ஆவல. மூணாவது மழைக்கு கண்ணு, கழுத்தெல்லாம் அரிப்பு. ஒரு மத்தியானம் உள்ள போன மூச்சு வெளிய வரல. அப்படியே குந்திட்டேன். தை மாசம் பொண்ணு ஸ்டெல்லாவுக்கு கல்யாணம். கேங்குல கூட வேலை செய்ற காதர் பாய் தண்ணி குடுத்துட்டு சொன்னாரு: "நைனா, பொண்ண மாதா கோயிலுக்கு இட்டுனு போவறதுக்கு மூச்சு மிச்சம் வெய்யி. செடிய நாங்க பாத்துக்கறோம்."

லைட் டூட்டி

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். அந்தச் செடியே கண்ணுல படக்கூடாதுன்னு என்னை ஒரு ஸ்டேஷன் தோட்டத்துக்கு மாத்திவுட்டாரு. அங்க தோட்டப் போட்டிக்காக பிளாட்பாரம் முழுக்க சாமந்தி, சூரியகாந்தி.

ஒரே வாரத்துல யார்டே தேவலாம்னு ஆயிடுச்சு. நாலு வாளி தண்ணி ஊத்தறதுக்குள்ள நெஞ்சு கீச்சுகீச்சுன்னு கத்தும். கல்யாணத்த பாப்பமான்னு ஆயிடும். ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிப் பாத்து கேட்டாரு: "என்னய்யா, வண்டியே இல்ல, விசில் சத்தம் மட்டும் வருது?"

பெரிய குடும்பம்

கோதுமைச் செடி ஒரு கிளைய காயிதத்துல மடிச்சு ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட காட்டினேன். "தோட்டத்துல இது ஒண்ணு கூட இல்லம்மா"ன்னேன். சாமந்தி, சூரியகாந்தி, இது, எல்லாம் ஒரே குடும்பம்னாங்க. மொதல்ல இதுங்கிட்ட சண்டை புடிச்ச ஒடம்பு, இப்ப அதே ஜாடையில எது வந்தாலும் சண்டைக்கு நிக்குதாம்.

எனக்கு திக்குன்னுச்சு. தை மாசத்துல சாமந்தி இல்லாத மாலை ஏது? இன்னும் எது எதுக்குல்லாம் ஒதுங்கணும்னு கேட்டேன். மாத்திரை எழுதிகினே சொன்னாங்க: "பெரிய குடும்பம்பா. எல்லாரையும் எனக்கே தெரியாது."

சம்பந்தி மரியாதை

எங்க பக்கத்து மாலைக்கு ரோஜாவும் மல்லியும் மட்டும்னு பூக்காரம்மாகிட்ட சொல்லிட்டோம். மாப்ள வூட்டுக்கு சொல்லல. சீக்காளி வூட்டுப் பொண்ணுன்னு கல்யாணம் நின்னுடுமோன்னு பயம்.

கோயில் வாசல்ல திருவொத்தியூர் சம்பந்தி, தொடை தடிமன் சாமந்தி மாலையோட நிக்கறாரு. வாணாம்னா அவமானம். கழுத்த நீட்டினேன். பத்து எண்றதுக்குள்ள தொண்டை அடைச்சு கண்ணு இருட்டிச்சு. ஸ்டெல்லா ஓடியாந்து மாலைய கழட்டி வீசினா. "மாமா, எங்கப்பாவுக்கு இந்தப் பூ பட்டா மூச்சு நின்னுடும். உங்களுக்கு பயந்துகினு சொல்லல"ன்னா.

அவ்ளோதான், கல்யாணம் போச்சுன்னு நெனைச்சேன். சம்பந்தி கிட்ட வந்து, தன்னோட புதுத் துண்டால என் கழுத்துல ஒட்டுன பூவத் தொடைச்சாரு. அப்பறம் காதோரமா சொன்னாரு: "எனுக்கு எறா துன்னா மூஞ்சி வீங்கும், நண்டும் ஆவாது. உங்க வூட்டு விருந்துல இன்னா பண்றதுன்னு நானும் பயந்துகினுதான் சம்பந்தி வந்தேன்."

இப்பவும் யாராவது எனக்கு மரியாதை பண்ண வந்தா, மொதல்ல மாலையில இன்னா பூன்னு பாத்துட்டுத்தான் ஆளு யாருன்னே பாக்கறேன்.