‘சொந்தக் காரணம்’ என்று எழுதாதவர்

திங்கட்கிழமை மதியம் ஜெராமிலிருந்து ராஜம் அக்காவின் தம்பி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, அக்கா தவறிவிட்டார் என்றார். நம் தோட்டத்தில் அவருடன் வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய சிரிப்பும் தெரியும், கோபமும் தெரியும். அவர் ஏன் வேலையை விட்டார் என்பதை மட்டும் நாம் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. நான் பேசுகிறேன். அவருக்கு நடந்த அநியாயத்தில் எனக்கும் பங்குண்டு.

எண்பத்திரண்டில் நம் தோட்டத்துப் பெரிய கிராணி, அலுவலகத்தின் தலைமை எழுத்தர், ஓய்வுபெற்றார். பதினான்கு ஆண்டுகள் அலுவலகத்தைத் தாங்கியவர் ராஜம் அக்கா. பதவியோ எனக்கு வந்தது. தட்டச்சுப் பொறியில் தாளை நுழைக்கவே அவரிடம் கற்றவன் நான். “பொம்பள சொன்னா, ஆளுங்கள வேல வாங்கற மண்டோருங்க கேப்பானுங்களா?” என்றார் மேனேஜர். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மறுநாளே அக்கா ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். யார் எதற்காகப் போனாலும் ‘சொந்தக் காரணங்களால்’ என்று எழுதுவதுதான் நம் அலுவலக வழக்கம். அப்படி எழுதினால் நற்சான்று கிடைக்கும். அது இல்லாத ஆளை வேறு எந்தத் தோட்டமும் சேர்க்காது. அக்கா எழுதியது வேறு: ‘நான் பயிற்சி கொடுத்தவரை எனக்கு மேலே வைத்ததால் விலகுகிறேன்.’

“மாத்தி எழுதும்மா, நல்ல சர்ட்டிபிகேட் தரேன்,” என்றார் மேனேஜர்.

“காரணம் என் வீட்டுல இல்லீங்க சார். இந்த ஆபீசுலதான் இருக்கு.”

அடுத்த ஒரு மாதமும் ஒருநாள்கூடத் தவறாமல் வந்தார். எந்தச் சாவி எதற்கு, எந்த அலமாரி மழைநாளில் இறுகும் என்பதுவரை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். “ஏங்கா இவ்ளோ பாடு? விட்டுட்டுப் போங்க லா,” என்றேன்.

“அரைகுறையா விட்டுட்டுப் போனா, பொம்பள அப்படித்தான்னு சொல்வாங்க தம்பி. அந்தச் சந்தோசத்த நான் குடுக்க மாட்டேன்.”

நற்சான்று கிடைக்கவில்லை. வேலை தேடிப்போன சுங்கை புரோங் அரிசி ஆலையில் அதைக் கேட்டபோது, ராஜினாமாக் கடிதத்தின் கார்பன் நகலை எடுத்து நீட்டினாராம். முதலாளி இரண்டு முறை படித்துவிட்டு, மறுவாரமே வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வீம்பில் ஒரு துளி. அது வெளியே வர எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. நேற்றுக் காலை பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் முன், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “நம்ம பெரிய கிராணி ராஜம் அக்கா தவறிட்டாங்க.”

பக்கத்தில் நின்ற மேனேஜர், “பெரிய கிராணி நீதானய்யா?” என்றார்.

“இல்லீங்க சார்,” என்றேன்.