சில்லறைக்கு வந்த சிரிப்பு

பூகோள டீச்சருக்கு ஏழாம் வகுப்பு என்றாலே தலைவலி. வருஷக்கணக்காக அதே வகுப்பு, அதே வயசுப் பிள்ளைகள். ஆறு எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டால் பின்பெஞ்சில் ஒருத்தன் மேஜைக்கடியில் தவளை மாதிரிக் கத்துவான். "உங்களுக்கெல்லாம் எப்பதான் புத்தி வரும்?" என்று கத்திக் கத்தி டீச்சருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்குச் சில்லறை என்று பட்டப்பெயர். தகர டப்பாவிலிருந்து காசு கொட்டுகிற மாதிரி சிரிப்பாள். ஆரம்பித்தால் நிற்காது. டீச்சர் அவளை வெளியே நிறுத்தாத வாரமே கிடையாது. வெளியே நின்றாலும் சத்தம் ஜன்னல் வழியாக உள்ளே வரும்.

ஒரு நாள் ஓவிய வாத்தியார் திடீரென்று இறந்துபோனார். முந்தின நாள்தான் டீச்சரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். மறுநாள் காலை மைதானத்தில் மௌன அஞ்சலி. தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒரு இருமல்கூட இல்லை. அப்போது பார்த்து, ஏழாம் வகுப்பு வரிசையில் காசு கொட்டியது.

டீச்சருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், வரைபடங்களைச் சுருட்டி வைக்கிற அறையில் நிறுத்தினார்.

"எதுக்குடி சிரிச்ச?"

"தெரியல டீச்சர்."

"செத்துப்போனது யாருன்னாவது தெரியுமா?"

"தெரியும் டீச்சர். சிரிக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சேன். கடிக்கக் கடிக்க வந்துடுச்சு."

சொல்லும்போதே உதடு கோணியது. கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. சிரிக்கப் போகிறாளா, அழப் போகிறாளா என்று டீச்சருக்குப் பிடிபடவில்லை. அவளுக்கே பிடிபடவில்லை போலிருந்தது. டீச்சரின் கோபம் பாதியில் இறங்கிப்போனது. அதுவே ஒரு எரிச்சல். முழுசாகக் கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறதுகளே!

தலைமையாசிரியர் விடுவதாக இல்லை. "பன்னிரண்டு வயசாச்சு, கொஞ்சமாவது பக்குவம் வேணாமா? நாளைக்கு எல்லார் முன்னாடியும் மைக்ல மன்னிப்புக் கேக்கட்டும்."

"வேணாம் சார். அவ பதட்டத்துல சிரிக்கிறா. மைக் முன்னாடி நிறுத்தினா மறுபடியும் சிரிச்சிடுவா."

"அப்போ நீங்க வகுப்புல என்னதான் டீச்சர் சொல்லிக் கொடுக்கறீங்க?"

டீச்சர் அறையை விட்டு வெளியே வந்தார். பக்குவம் பேசிய அந்த மனுஷர், நாற்காலித் தகராறு ஒன்றினால் துணைத் தலைமையாசிரியரோடு ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு பியூன் மூலமாகத்தான் சேதி சொல்லுவார். டீச்சர் தன் வீட்டுக்குப் போனால், அங்கே சட்டைக்கு இஸ்திரி போடவில்லை என்று இரண்டு நாளாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற கணவர்.

"ஐம்பது வயசுல வராதது பன்னிரண்டு வயசுல வரணுமாம்" என்று டீச்சர் பாத்திரத்தை நங்கென்று வைத்தார்.

"என்னையா சொல்ற?" என்றார் கணவர். இரண்டு நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை.

பயந்தபடியேதான் நடந்தது. "மன்னி..." என்று சில்லறை ஆரம்பித்ததும் மைக் கீச்சிட்டது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சிரிப்பு. அவளோடு சேர்ந்து பள்ளிக்கூடமே சிரித்தது.

பஸ் ஓட்டுகிற அவள் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். காக்கிச் சட்டையோடு ஓடி வந்தவர், என்ன ஏது என்று முழுசாகக் கேட்கக்கூட இல்லை, பளாரென்று விட்டார் ஒன்று. இரண்டாவது அடி விழுமுன் டீச்சர் பாய்ந்து கையைப் பிடித்தார்.

"விடுங்க டீச்சர். நீங்க கண்டிச்சிருந்தா நான் ஏன் வண்டியை விட்டுட்டு வரப்போறேன்?"

டீச்சர் பிடித்த கையை விடவில்லை.

அப்பா அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்த சில்லறை சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டுப்பாடம் ஒழுங்காக வந்தது. ஆசிரியர் அறையில் தலைமையாசிரியருக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களா, பக்குவம் வந்துடுச்சு."

"அது பக்குவம் இல்ல சார். பயம்."

"எதுவோ ஒண்ணு. வகுப்பு அமைதியா இருக்குல்ல?"

யாரோ சர்க்கரை டப்பாவைக் கேட்டார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

அதன் பிறகு டீச்சர் வகுப்பில் ஜோக் சொல்ல ஆரம்பித்தார். ஜென்மத்தில் பழக்கமில்லாத வேலை. "எரிமலைக்கு ஜலதோஷம் பிடிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டுத் தானே தும்மிக் காட்டினார். வகுப்பு திகைத்துப்போனது. "டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வர, எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

சில்லறை மட்டும் எழுந்து நின்று, "டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டாள்.

"வராதும்மா. உக்காரு" என்று சொல்லிவிட்டு டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வருஷக் கடைசியில் அவளுக்கு நன்னடத்தைப் பரிசு கொடுத்தார்கள். மண்டபம் முழுக்கக் கைதட்டல். டீச்சர் மட்டும் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடையிலிருந்து இறங்கும்போது அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டு போனாள். தன் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருப்பாளோ என்று டீச்சருக்கு அப்புறம்தான் உறைத்தது. எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அதற்குள் அவள் அப்பாவோடு தெருமுனை திரும்பிவிட்டிருந்தாள்.