சேற்றுக்கு வக்காலத்து வாங்கியவள்

ஆய்வு நிலையத்தில் அவளுக்குப் புழுக்காரி என்றுதான் பெயர். கடலடிச் சேற்றுப் புழுக்களைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காதவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? நிலையத்தின் தலைவி அவளுடைய சொந்த நாத்தனார், கணவனின் அக்கா. வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வது போதாதென்று அலுவலகத்திலும் தினம் அர்ச்சனை.

அன்றைக்குக் கூட்டம். இந்தக் கடலைப் பற்றி இனிமேல் எந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவது என்று முடிவு செய்கிறார்கள். திமிங்கிலம் எங்கே குட்டி போடுகிறது? சரி. பவளம் சூட்டைத் தாங்குமா? அதுவும் சரி. "ஆழத்துச் சேத்துல என்னென்ன வாழுது?" என்று புழுக்காரி கேட்டதும் நாத்தனார் சிரித்துவிட்டார்.

"அங்க ஒண்ணும் கிடையாது. நான் அப்பவே சர்வே பண்ணி எழுதியாச்சு. வெறும் சேறு."

கூட்டம் ஏற்காத கேள்விக்குக் கப்பல் கிடையாது, அறையும் கிடையாது. புழுக்காரியின் இத்தனை வருஷ உழைப்பும் குப்பைக்குப் போகும். அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"எந்தச் சல்லடையில சலிச்சீங்க? ஜல்லி சலிக்கிற மாதிரி ஓட்டை! பொடிப் புழுவெல்லாம் தண்ணியோட திரும்பக் கடலுக்கே போச்சு. அப்புறம் ஒண்ணும் கிடையாதாம்!" நுண்ணோக்கியை மேசைமேல் தடாலென்று வைத்தாள். "இது நெருக்கமான சல்லடையில நின்னது. கண்ணு இருந்தா பாருங்க. பாதிக்கு இன்னும் பேரே வைக்கல."

ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். கடைசியாகப் பார்த்த நாத்தனார் வெகுநேரம் தலையை எடுக்கவில்லை.

"சரி, சேர்த்துக்கலாம். நான் முதல்ல போன இடம்தானே? இந்த ஆய்வுக்குத் தலைமையும் நானே பாத்துக்கறேன்."

அடிப்பாவி! வாய்கூசாமல் சொல்கிறாளே என்று நினைத்தாள் புழுக்காரி. ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. தலைமை ஏற்பவர்தான், பழைய விடை ஏன் போதாது என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"தாராளமா எடுத்துக்கோங்க மேடம். யாரோட சர்வே தப்பு, எதனால தப்புன்னு விலாவாரியா எழுதுங்க. நாங்க காத்திருக்கோம்."

யாரோ இருமினார்கள். நாத்தனாரின் பேனா நகரவில்லை.

"குடும்பத்து மனுஷின்னுகூடப் பாக்காம, நாலு பேர் முன்னாடி..."

"குடும்பத்தை வீட்டுல பேசிக்கலாம். இப்ப எழுதுங்க."

நாத்தனார் பேனாவை விசிறியடித்துவிட்டு வெளியேறினார். புழுக்காரி அதை எடுத்து, தானே எழுதித் தன் பெயரைப் போட்டாள்.

மாலையில் கணவன் கெஞ்சினான். "அக்காகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளேன்."

"அத்தனை உயிரையும் இல்லவே இல்லன்னு எழுதினாங்களே உங்க அக்கா, அதுங்ககிட்ட முதல்ல அவங்க கேக்கட்டும்."