புத்தி சொல்லாத மேடம்

கவுன்சிலிங் தொழில்ல ரொம்பக் கஷ்டம், வாய் வரைக்கும் வந்த யோசனையை முழுங்குறதுதான். நான் படிச்ச முறையில, வர்றவங்க வழி அவங்களுக்கே தெரியும்னு நம்பணும். எடை போடாம, நடிக்காம, காது குடுக்கணும். பக்கத்து வீட்டுக்கு யோசனை சொல்லாம ஒரு நாள் இருந்து பார்த்தவங்களுக்கு என் அவஸ்தை புரியும்.

கையில எலுமிச்சம்பழம்

அப்போ என் ரூம் வேங்கிக்கால்ல, ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல. ரெண்டு பிளாஸ்டிக் சேர், கடகடன்னு ஒரு ஃபேன், ஜன்னலைத் திறந்தா கிரிவலம் போற மலை. இப்போ ஏசி ரூம் வந்துடுச்சு, மலை போயிடுச்சு. அந்த ரூமை நெனச்சா இன்னும் ஏக்கமாத்தான் இருக்கு.

கீழ்பென்னாத்தூர்லேருந்து முருகன் தன் தங்கச்சி குமுதாவைக் கூட்டிட்டு வந்தார் (பேரெல்லாம் மாத்திட்டேன்). சாமியாரைப் பாக்க வர்ற மாதிரி என் கையில ஒரு எலுமிச்சம்பழம் வச்சார். "புருஷன் செத்துட்டான். இப்போ கூட வேலை செய்யறவனைக் கட்டிக்குவேன்னு நிக்குது. நல்லா நாலு புத்தி சொல்லுங்க மேடம்"னுட்டு டீ குடிக்க இறங்கிட்டார். "நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லைங்க, நீங்க சொல்றதைக் கேக்கறேன்"னேன். குமுதா நிமிர்ந்து பார்த்து, "அதுக்கா பஸ் ஏறி வந்தோம்?"னாங்க.

நடிக்காத பதில்

அடுத்த வாரம் அழுதுட்டே கேட்டாங்க, "என் எடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?" 'கட்டிக்கோம்மா'னு சொல்ல நாக்கு துடிச்சுது. சொன்னா, அண்ணன் முடிவு போய் என் முடிவு வந்துடும், அவ்வளவுதான். மனசுல இருந்த இன்னொண்ணைச் சொன்னேன்: "தெரியலைங்க. ஊர் என்ன பேசுமோன்னு பயப்படுவேன்." குமுதா கண்ணைத் துடைச்சுக்கிட்டு முதல் தடவையா சிரிச்சாங்க. "அட, உங்களுக்கும் பயமா! அப்போ பயந்துக்கிட்டேகூட கட்டிக்கலாம் போல!"

பௌர்ணமி அன்னைக்கு

கிரிவலக் கூட்டத்துல பஸ்ஸை ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. அண்ணனும் தங்கச்சியும் வேர்க்க விறுவிறுக்க நடந்தே வந்தாங்க. "இது தேதியே குறிச்சிடுச்சு! என்னத்த சொல்லிக் குடுத்தீங்க?"னு முருகன் எகிறினார். நான் பதில் சொல்றதுக்குள்ள குமுதா சொன்னாங்க, "அவங்க ஒண்ணும் சொல்லலைண்ணா. நான் பேசினதைக் கேட்டாங்க. நீயும் ஒரு தடவை கேளேன்."

முருகன் என் சேர்ல பொத்துனு உக்காந்தார். நான் கதவைச் சாத்திட்டு படிக்கட்டுக்கு வந்துட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு அவர் கண்ணு செவந்து வெளிய வந்தார். "ஒரே வூட்ல இருந்தும் இது இவ்ளோ அழுதது எனக்குத் தெரியாது மேடம். தாலியை நானே எடுத்துக் குடுக்கறேன்னு சொல்லிட்டேன்."

வாயைத் திறக்காம வேலை பார்த்து, கடைசியில கல்யாணத்துல முதல் பந்தியில உக்காந்து வாய் நிறைய சாப்பிட வச்ச தொழில், எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான்.