எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கிண்ணம் நூடில்ஸ்

சுவிசுக்கு வருமுன் ஐந்து வருடம் பாங்கொக்கில் விசா இல்லாமல் இருந்தேன். வாய்க்கால் கரைச் சந்தையில், ஒரு நூடில்ஸ் கடையில் கிண்ணம் கழுவினேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இன்னொரு மொழி வந்தது அங்கேதான். பன்றி இரத்தம் கலந்த கறுத்த சூப், அதில் கொஞ்சம் நூடில்ஸ், மேலே பொரித்த உள்ளி. கடைக்காரி சம்பளம் தராத நாட்களில் அதுதான் சம்பளம்.

இங்கே நான் இருந்த ஆராவ் நகரில் தாய்லாந்துச் சாப்பாடு என்று விற்பதை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தேன். உப்புப் போட்ட பாயசம் மாதிரி இருந்தது. உறைப்பு வேண்டுமா என்று கேட்பார்கள். ஓம் என்றாலும் போடமாட்டார்கள்.

அந்த நேரம் என் அகதி வழக்கு இரண்டாம் தரமும் தோற்றுப்போயிருந்தது. திருப்பி அனுப்பும்வரை ஆர்காவ் கன்டோனை, அதாவது அந்த மாநிலத்தை, விட்டு வெளியே போகத் தடை. நரைத்த மீசைக்காரப் பொலிஸ் ஒருவர் சுவரிலிருந்த வரைபடத்தில் எல்லையைச் சுற்றிக் காட்டி, தாண்டினால் மறியல், சிறைதான் என்று விளங்கப்படுத்தினார். மரியாதையாகத்தான் சொன்னார். குடிக்கத் தண்ணீரும் தந்தார்.

தாய்லாந்துப் பெண்கள் சமையல் வாசத்துக்கு ரம்பை இலை வாங்க ஆராவிலுள்ள தமிழ்க் கடைக்குத்தான் வருவார்கள். அவர்களில் ஒருத்தியோடு அவள் பாசையில் இரண்டு வார்த்தை கதைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தங்கள் புத்த கோயிலில் விழா, இரத்தம் விட்ட நூடில்ஸ் இருக்கும் என்றாள். இலையுதிர் காலத்தில் இங்கே ஊர் இறைச்சிக் கடைகளில் பன்றி அடிப்பார்கள். அப்போதுதான் புது இரத்தம் கிடைக்கும். கோயில் மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம்.

அவள் போனதும், என்ன கதை என்று கேட்டறிந்த கடைக்கார அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார்.

“உனக்கென்ன விசரோ? ஒரு கிண்ணம் சூப்புக்கு மறியலுக்குப் போகப்போறியோ?”

“நடந்து போறன் அண்ணை. ரயில்லதான் செக்கிங்.”

“மறியல்லயும் நூடில்ஸ் தருவாங்கள். உறைப்பில்லாமல். வடிவாத் தின்.”

ஆரே ஆற்றங்கரையால் நடந்தேன். எல்லையில் வேலி இல்லை, பலகையும் என் கண்ணில் படவில்லை. இந்தப் பக்கம் உட்கார ஒரு மர வாங்கு, அந்தப் பக்கமும் அதே மாதிரி ஒரு வாங்கு. எந்த இடத்தில் குற்றவாளி ஆனேன் என்று எனக்கே தெரியாது. பின்னால் சைக்கிள் வந்தால் மட்டும் முதுகு விறைத்தது.

கோயில் வளவு முழுக்கக் கூடாரங்கள். பெண்கள் சமைத்தார்கள். அவர்களுடைய சுவிஸ் கணவன்மார் ஏப்ரன் கட்டிக்கொண்டு தட்டுச் சுமந்தார்கள். நூடில்ஸ் அடுப்படியில் நின்ற பெண்ணிடம் நான் சந்தைப் பாசையில் கேட்டதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இதென்ன, ஓடக்காரன் மாதிரிக் கதைக்கிறாய்! எங்கே பழகினாய், தம்பி?”

உறைப்பு வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. மிளகாய்த்தூள் போத்தலை என் பக்கம் தள்ளிவிட்டாள். முதல் வாயிலேயே தெரிந்தது, அதேதான். மூக்கு ஒழுக ஒழுகக் குடித்தேன். இன்னொன்று கேட்டேன்.

இரண்டாவது கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தவர் அந்த நரைத்த மீசைக்காரர்.

அவரும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கிண்ணத்தை விட்ட கை மேசையிலேயே நின்றது. ஓடலாம் என்று நினைத்தேன். ஓடினால் எல்லாரும் பார்ப்பார்கள். கரண்டியைப் பிடித்தபடி இருந்தேன்.

“எப்படி வந்தீர்கள்?” என்று ஜெர்மன் மொழியில் மெதுவாகக் கேட்டார்.

“நடந்து.”

அடுப்படியிலிருந்து அவள் எட்டிப் பார்த்து, “உனக்கு இவனைத் தெரியுமா?” என்று அவரிடம் கேட்டாள். அப்போதுதான் அவள் அவருடைய மனைவி என்று விளங்கியது.

“வேலையிடத்தில் ஒருதடவை சந்தித்தோம்” என்றார்.

“பிறகென்ன! நீ வேலைக்கு ஆராவுக்குத்தானே போகிறாய், இவனையும் ஏற்றிக்கொண்டு போ. சாப்பிட்ட வயிற்றோடு நடக்க விடாதே.”

அவர் ஏப்ரனைக் கழற்றினார். உள்ளே பொலிஸ் நீலக் காற்சட்டை. அவள் பார்த்துக்கொண்டு நின்றதால் இரண்டு பேராலும் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. கிண்ணத்தில் பாதி இருக்க எழும்பினேன்.

காரில் ஏறினோம். ஆராவுக்குள் ஒரு வட்டச் சந்தி வரும். அதில் வலது பக்கம் பொலிஸ் நிலையம், நேரே போனால் எங்கள் அகதி முகாம். அந்தச் சந்தியை நினைத்துக்கொண்டே வந்தேன். மறியலில் போட்டால் அங்கிருந்து நேரே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று முகாமில் கதை இருந்தது. சிக்னல் விளக்குப் போடும் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்திக்கு முன்பே காரை ஓரமாக நிறுத்தினார்.

“இங்கே இறங்குங்கள். அடுத்த விழாவில் அவள் உங்களைத் தேடுவாள். ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று சொல்வேன்.” பின்னால் வரும் கார்களைக் கண்ணாடியில் பார்த்தார். “வரவேண்டாம். இன்னொரு தடவை என்னால் முடியாது.”

நன்றி சொன்னேன். கார் வலது பக்கம் திரும்பியது. நான் நேரே நடந்தேன். அன்று முகாமில் கதவு தட்டிய ஒவ்வொரு தடவையும் எழும்பி நின்றேன். எனக்காக ஒருவரும் வரவில்லை.

அடுத்த இலையுதிர் காலம் வந்தும் என்னைத் திருப்பி அனுப்பியிருக்கவில்லை. ஆராவ் ஸ்டேசனில் அவருடைய மனைவியைக் கண்டேன். ஒரு பெட்டி வெங்காயத்தாளைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு நான் ஊருக்குத் திரும்பிப் போனவன். தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, அவள் ரயில் ஏறும்வரை நின்றேன்.