அண்ணை சுட்ட வெள்ளிக்கிழமைப் பான்கேக்

எங்கள் அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய அனைவருக்கும் வணக்கம். எழுதத் தெரிந்தவர்கள் குடும்பத்தில் பலர் இருக்க, தம்பி என்ற ஒரே காரணத்தால் இக்கட்டுரை என் தலையில் விழுந்தது.

அண்ணை கரவெட்டியில் பிறந்தார். நெல்லியடியில் படித்தார். நானும் அங்கேதான் போய்வந்தேன். படித்தேன் என்று சொல்ல ஆசிரியர்கள் சம்மதிக்கமாட்டார்கள். கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைபார்த்த அவர், யுத்த இடப்பெயர்வின்போது கடையில் மிஞ்சிய மாவைப் பசித்தவர்களுக்குப் பங்கிட்டுவிட்டே வெளிக்கிட்டார். அண்ணி காலமானபின் வீட்டில் தனியே இருந்தார்.

சில வருடங்களுக்குமுன் கனடாவிலிருந்து மகள் தன் பிள்ளையோடு வந்தாள், அண்ணையைக் கூட்டிக்கொண்டு போகும் முடிவோடு.

"காலமை என்ன சாப்பிடுறனியள், அப்பா?"

"பேக்கரிப் பாண்."

"இரவுக்கு?"

"மிஞ்சின பாண்."

"இதுக்கே தனிய இருக்கிறியள்? என்னோடை வாங்கோ."

"நான் சமைப்பன், பிள்ளை. இந்த வீட்டை விட்டிட்டு வரமாட்டன்."

"சரி, உவள் பேத்திக்குக் காலமையிலை பான்கேக் வேணும். எல்லாம் நீங்களே கரைச்சுச் சுட்டுக் காட்டுங்கோ. சுட்டால் நான் திரும்பக் கேக்கமாட்டன்."

நாங்கள் அறிந்த பான்கேக் மெல்லியது. தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்துச் சுருட்டுவது. பேத்தி கேட்டதோ தடிப்பாகவும் பஞ்சுபோலவும் பொங்கி நிற்பது. வியாழக்கிழமை அண்ணை மாவைத் தோசைமா போல அடி அடியென்று அடித்துச் சுட்டார். பேத்தி அதை வளைத்துப் பார்த்தாள், பிய்யவில்லை. நான் மூன்று தின்றேன். இரத்த பாசம் அப்படி.

"கனக்க அடிக்கக் கூடாது, அப்பா. கட்டி கிடந்தால் கிடக்கட்டும். நாளைக்கு ரெண்டு முட்டையும் உடைச்சு விடுங்கோ."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை."

அண்ணை வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டை உடைப்பதில்லை. சனிக்கிழமை மகள் கொழும்புக்கு வெளிக்கிட வேண்டும். வேறு நாள் இல்லை.

பின்னேரம் அண்ணை ஒரு வெறும் போத்தலை என்னிடம் நீட்டினார்.

"தவறணையிலை கள்ளு வாங்கிக்கொண்டு வா. அப்பத்துக்கு விடுறதுதானே, இதையும் பொங்க வைக்கும்."

பலகாரத்துக்கு என்று தவறணையில் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். என் முகத்துக்கு அந்தக் கதை பொருந்தவில்லை போலும்.

இரவே கள்ளு விட்டுக் கரைத்துவைத்து, காலையில் புளித்திருந்த மாவை அண்ணை கிண்டாமல் அகப்பையால் அள்ளித் தோசைக்கல்லில் விட்டு, மெல்லிய நெருப்பில் மூடினார். திறந்தபோது மேலெல்லாம் துளை. திருப்பிப் போட்டார். பொங்கி நின்றது. பேத்தி இரண்டாவதைக் கேட்டாள். மகள் ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தாள்.

"அப்பா, இது அப்பத்தின்ரை மணமெல்லோ! கள்ளே விட்டனியள்?"

"ஓம்."

"வெள்ளிக்கிழமையிலை முட்டை கூடாது, கள்ளு மட்டும் பரவாயில்லையோ?"

"அது மரத்திலை இருந்து வாறது, பிள்ளை. சுத்த சைவம்."

மகள் சிரித்தாள். கண்ணைத் துடைத்ததையும் கண்டேன். பின்பு பெட்டியைத் திறந்து, கனடாக் குளிருக்கு அண்ணைக்கென்று வாங்கிவந்த குளிர்ச்சட்டையை எடுத்து என்னிடம் தந்தாள்.

"நீங்கள் போடுங்கோ, சித்தப்பா. அப்பாவுக்கு இனித் தேவைப்படாது."

அதன்பிறகு அவள் ஒருமுறையும் கேட்கவில்லை. போனமாதம் ஒரு காலையில் அண்ணை கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து, திருநீறு பூசிக் கதிரையில் இருந்தார். அப்படியே போய்விட்டார்.

செத்தவீட்டில் சிலர் "தகப்பனைத் தனிய விட்டிட்டாள்" என்று கதைத்தது மகளின் காதிலும் விழுந்தது. அவர்களும் இம்மலரை வாசிப்பார்கள் என்பதால்தான் இவ்வளவும் எழுதினேன்.

அன்று நான் போட்ட சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டாருக்கும், பந்தல் போட்ட ஊர்ப் பொடியளுக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும் எங்கள் நன்றி. எல்லோரிலும் மேலாக, அண்ணையை அவருடைய வீட்டிலேயே இருக்க விட்ட மகளுக்கு நன்றி.